கை நடுங்கிய ஓரம்

பிரியமுள்ள அண்ணனுக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீங்கள் போன பிறகு இரண்டு ரமலான் வந்து போய்விட்டது. இத்தனை நாளும் நான் யாரிடமும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்தால் பெரிய மனுஷன் என்பார்கள் என்று நினைத்தேன். பொறாமைக்காரன் என்றார்கள். ஆகவே எழுதுகிறேன். எழுதுவது உங்களுக்குத்தான். மற்றவர்கள் ஒட்டுக்கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் ஊர்ச் சமாசாரம். போர் முடிந்துவிட்டது. முடிந்த கையோடு மல் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் என்று விளக்குத்தூண் துணிக்கடைப் பக்கம் பேசிக்கொண்டார்கள். இறங்கவில்லை. இன்னும் கூப்பன்தான், இன்னும் வரிசைதான். வரிசையில் நிற்கிறவர்களின் வேட்டியில் இருக்கிற ஒட்டுகளைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். நாம் ஆசைக்குத் தைத்ததை ஊர் இப்போது தலையெழுத்தே என்று தைத்துக்கொண்டிருக்கிறது.

வைகையில் தண்ணீர் இல்லை. கோரிப்பாளையத்தில் உங்கள் வீட்டு மாடி ஜன்னல் இரண்டும் சாத்தியே கிடக்கின்றன. தர்காவுக்குப் போகிறவர்கள் வழக்கம்போலப் போகிறார்கள், வருகிறார்கள். நான் அந்தப் பக்கம் போக வேண்டி வந்தால் எதிர்ச்சாரியில் நடக்கிறேன்.

இதைப் படிக்கப்போகிறவர்களுக்கு நாம் யார் என்று தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ரயில்வேயில் குமாஸ்தா. நான் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு பேருக்கும் ஒரே கிறுக்கு. துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைப்பது.

நாம் சந்தித்ததே ஒரு மல்லுக்கட்டில். கோரிப்பாளையம் முக்கில் இருந்த தையல்கடையில், மேஜைக்கடியில் வெட்டுத்துணி போடுகிற கூடை ஒன்று உண்டு. அதை அடுப்புக்குக் கொடுக்கும் முன்னால் நான் போய் நல்ல துண்டுகளாகப் பொறுக்கிக்கொள்வேன். அன்றைக்குக் கூடையின் மறுபக்கத்தில் கோட்டும் குல்லாவுமாக ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சீட்டித் துணி. ஒரு முனை உங்கள் கையில், மறுமுனை என் கையில்.

“ரெண்டு பேரும் இங்கிலீசு படிச்ச ஆளுக. கந்தைக்கா அண்ணே இம்புட்டு இழுபறி?” என்றார் தையல்காரர்.

நீங்கள் விடவில்லை. நானும் விடவில்லை. கடைசியில் அவருடைய கத்தரியை வாங்கி நடுவில் வெட்டி, பெரிய பாதியை என் பக்கம் தள்ளினீர்கள். தள்ளிவிட்டு, எதற்கு என்று கேட்டீர்கள். எனக்குச் சொல்லக் கூச்சம். ஒட்டுப்போர்வைக்கு என்று முனகினேன். உங்கள் முகம் மாறியது. இந்த ஊரிலேயே தான் ஒருவன்தான் இப்படி என்று வருஷக்கணக்காக நினைத்திருந்தவரின் முகம் அது.

“வீட்டுக்கு வாங்க தம்பி, ஒண்ணு காட்டுறேன்” என்றீர்கள்.

அப்படி யாரும் என்னை எதற்கும் கூப்பிட்டதில்லை அண்ணே. நான் மிஷன் விடுதியில் படித்தவன். பாய்மேல் போடுகிற விரிப்பை அங்கே அவரவரே ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொள்ள வேண்டும். அதோடு மறந்துபோயிருந்த வேலை. தலைமையாசிரியர் வேலை எனக்கு வர வேண்டியது. பள்ளி மானேஜரின் மருமகன் என்ற ஒரே தகுதியில் எனக்குப் பின்னால் வந்த ஒருவனுக்குப் போனது. அலங்காநல்லூரில் அப்பா விட்டுப்போன கிணற்று வயலை என் கூடப்பிறந்தவன் எழுதி வாங்கிக்கொண்டான். அந்த வருஷம்தான் மறுபடியும் ஊசியைக் கையில் எடுத்தேன். சொன்னபடி கேட்கிற ஒரு பொருளாவது என் கையில் இருக்கட்டும் என்று.

என் வீட்டில் அவள் சொன்னது, மதுரை வெயிலுக்குப் போர்வை தைக்கிற புத்தி உலகத்தில் எனக்கு மட்டும்தான் வரும் என்று. ஆசிரியர் அறையில், “வாத்தியாரு வீட்ல விசேஷமா? பிள்ளைக்கு விரிப்புத் தைக்கிறாரு” என்று ஒருவன் கேட்க, மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் கைக்குட்டையில் ஊசி குத்தி வைத்திருந்ததை எவனோ பார்த்துவிட்டான். இதெல்லாம் உங்களிடம் வந்து சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் ஆபீசில் உங்களுக்கு வைத்திருந்த பட்டப்பேரைச் சொன்னீர்கள். அதை இங்கே எழுதமாட்டேன்.

பிறகு நால்வரானோம். பத்திர ஆபீசிலிருந்து ஓய்வுபெற்ற ரிஜிஸ்தரார் வந்தார். சிம்மக்கல்லில் அவர் வீடு. நீங்கள் அவரைச் சாமி என்றீர்கள், நாங்களும் சாமி என்றோம். அடிக்கோல் வைத்துத்தான் துணியில் கோடு போடுவார். செல்லூரிலிருந்து நெசவுக்காரர் ஒருவர் வந்தார். தறியில் மிஞ்சிய பாவுத் துணி முனைகளை மடியில் கட்டிக்கொண்டு வந்து உதறுவார், தீபாவளி வந்ததுபோல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு ஆனதும் உங்கள் மாடி. ஜன்னலுக்கு ஒருவராக வெளிச்சத்தைப் பங்குபோட்டு உட்காருவோம்.

சாமி உங்கள் வீட்டில் டீ குடிக்கமாட்டார். கூஜாவில் தண்ணீர் கொண்டுவருவார். ஆனால் அவருக்குக் கண் மங்கல். நீங்கள் நூலை நாக்கில் தொட்டு ஈரப்படுத்தி ஊசியில் கோத்து நீட்டுவீர்கள். அதைப் பேசாமல் வாங்கித் தைப்பார். ஒரு நாள் நெசவுக்காரர் அதைக் கவனித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் கண்ணாலேயே எங்கள் இரண்டு பேரையும் அடக்கினீர்கள்.

போர் வந்ததும் நல்ல ஊசி கிடைக்காமல் போனது. கிடைத்ததெல்லாம் மூன்று மடிப்புத் துணியில் வளைந்தது. உங்களிடம் இருந்த பழைய சீமை ஊசிகளை நாலு பேருக்கும் பங்கு வைத்தீர்கள். உங்கள் பெரிய கத்தரியை வாரம் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். நடுவிரலில் மாட்டிக்கொள்கிற அந்தப் பித்தளைத் தொப்பியை, அங்குஸ்தான் என்பீர்களே, அதை மட்டும் யாருக்கும் கொடுக்கமாட்டீர்கள். எங்கள் விரலுக்கு அது சேரவும் சேராது.

நம் கைமாற்றை எப்படி மறப்பேன்? மாதத்தின் முதல் ஞாயிறு, ஒவ்வொருவர் போர்வையும் அடுத்தவர் கைக்குப் போகும். அவர் ஒரு மாதம் தம் வீட்டில் வைத்து, மனசுக்குப் பட்டபடி அதில் ஒரு பகுதியைத் தைப்பார். பிறகு அடுத்தவர். நாலு கை சுற்றி வரும்போது நாம் நினைத்துத் தொடங்கிய போர்வையாக அது இருக்காது. அதுதான் அதில் சுகம். ஒருவர் சோர்ந்துபோய் விட்ட இடத்தை இன்னொருவர் பிடித்துக்கொள்வார். எனக்கு எதுவுமே பிடிக்காமல் போன ஒரு ஆனி மாதத்தில், என் போர்வையின் நடுவில் நீங்கள் ஒரு மஞ்சள் துண்டு வைத்துத் தைத்து அனுப்பினீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. அது போதுமாயிருந்தது.

அந்தப் போர்வையிலேதான் சாமி ஒரு துண்டைப் பின்பக்கம் வெளியே தெரியும்படி தைத்துவிட்டார். கண் மங்கல். நான் பிளேடை எடுத்தேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள்.

“பிரிக்காதீக தம்பி. தப்பாவே கெடக்கட்டும். சாமி நம்ம போர்வைக்கு வந்துட்டுப் போனதுக்கு அது ஒண்ணுதானே அத்தாட்சி?”

சாமியே சிரித்துவிட்டார். அன்றைக்கு நம் மாடியில் ஒரு சட்டம் பிறந்தது: அடுத்தவர் தையலை யாரும் பிரிக்கக் கூடாது. அதன் மேல் தைக்கலாம், அதற்குப் பக்கத்தில் தைக்கலாம், கேலி செய்யலாம். பிரிக்கக் கூடாது. அந்தச் சட்டத்தால் முதலில் காப்பாற்றப்பட்டது யாருடைய தையல் என்பதை இதைப் படிக்கிறவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

உங்களுக்கு வந்தது என்ன வியாதி என்று எந்த டாக்டரும் சரியாகச் சொல்லவில்லை. முதலில் வலது கட்டை விரல். பிறகு கை. டம்ளர் தட்டில் தாளம் போடும். நீங்கள் அதைப் பார்த்து, “ஏதோ கச்சேரிக்குக் கூப்புடுது” என்பீர்கள். நாங்களும் சிரிப்போம். ஆபீசில் பேனா பிடிக்க முடியாமல் வேலையை விட்டீர்கள். ஊசியை விடவில்லை.

நன்றாக இருந்த நாளில் உங்கள் தையல் எள்ளை வரிசையாக வைத்தாற்போல் இருக்கும். என் போர்வை கைமாற்றில் கடைசியாக உங்களிடம் வந்தபோது, அதன் ஒரு ஓரம் முழுவதும் தைத்துத் தந்தீர்கள். எறும்பு வரிசையில் தண்ணீர் தெளித்தாற்போல் இருந்தது. ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று கோட்டை விட்டு எங்கோ போய்த் திரும்பி வந்தது. அங்கங்கே துணியில் பழுப்பாக ஒரு பொட்டு. ஊசி விரலில் ஏறிய இடம்.

“பிரிச்சிருங்க தம்பி. அசிங்கமா இருக்கு” என்றீர்கள்.

சட்டம் போட்டது யார் என்று கேட்டேன்.

“நான் போட்ட சட்டம் என் கழுத்துக்கே வருதாக்கும்” என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் அண்ணே? சரி, இருக்கட்டும் என்றா? இல்லை, இந்தப் பிடிவாதக்காரனிடம் பேசிப் பயனில்லை என்றா? அப்போது நான் முதலாவதைத்தான் எடுத்துக்கொண்டேன். எனக்கு எது வசதியோ அதைத்தானே எடுத்துக்கொள்வேன்.

உங்கள் மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்று தெரிந்ததும் ஒரு சின்னப் போர்வை தொடங்கினீர்கள். அதை யாரிடமும் கைமாற்றுக்குத் தரவில்லை. நீங்களே முழுக்கத் தைக்க வேண்டும் என்று ஆசை. பாதி தாண்டி, முக்கால் வரை வந்தீர்கள். ஒரு வரிசை தைக்க ஒரு வாரம் ஆனது. மிச்சத்தை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

மிச்சத்தை நாங்கள் மூவரும் தைப்பது என்று முடிவானது. யாரும் யாரையும் கேட்கவில்லை. அப்படித்தான் நடக்கும் என்று மூவருக்கும் தெரியும். நெசவுக்காரர் மேற்புறம் முடித்தார். நான் பக்கவாட்டு ஓரம் இரண்டையும் முடித்தேன். உங்கள் தையல் தொடங்குகிற இடத்தில் என் தையலை நிறுத்தி, நடுவில் ஒரு விரல் இடம் விட்டேன். கடைசியாகச் சாமியிடம் கொடுத்தேன். அவர் செய்ய வேண்டியது சுற்றுக்கரை கட்டுவது மட்டும்தான்.

உங்கள் நாற்பதாம் நாள் பாத்தியா ஓதலுக்கு வந்தோம். மதினி இத்தாவில் இருந்தார்கள். புருஷனை இழந்தவர்கள் வெளி ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய மாதங்கள். கீழ்க்கட்டில் திரை தொங்கியது. சாமி ஒரு வெள்ளைத் துணியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். உங்கள் மூத்த மகன் முன்னால் அவிழ்த்து விரித்தார்.

எள்ளை வரிசையாக வைத்தாற்போல் இருந்தது அண்ணே. ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை.

எனக்கு முதலில் விளங்கவில்லை. வேறு போர்வையோ என்று பார்த்தேன். துணியெல்லாம் உங்கள் துணிதான். குனிந்து தடவினேன். நீங்கள் தைத்த இடத்தில் பழைய ஊசித் துளைகள் மட்டும் இருந்தன. கண்ணுக்குக் கிட்டே பிடித்தால் தெரிகிற பொடித் துளைகள். நூல் புதிது. ஒவ்வொரு தையலாகப் பிரித்து, ஒவ்வொன்றாகத் திரும்பத் தைத்திருந்தார் சாமி. அந்த மங்கல் கண்ணை வைத்துக்கொண்டு.

“பூதக்கண்ணாடி வச்சுண்டு தைச்சேன் ஓய். முதுகு ஒடிஞ்சுபோச்சு” என்றார் என்னிடம். “அவர் கை நன்னாருந்த காலத்துத் தையலைப் பக்கத்துல வச்சுண்டு, அதே அளவு. ஒரு நூல் கூடக் குறைய இல்லை. பேரக் குழந்தை கையில கொடுக்கறது. அவர் மானத்தைக் காப்பாத்தியாச்சு.”

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லவா? அன்பில்லாமல் செய்தார் என்று சொல்ல முடிந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். அப்படிச் சொல்ல முடியவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். தம் தப்பைப் பிரிக்காமல் விட்ட மனுஷனின் கடைசித் தையல்களைத் தேடித் தேடிப் பிரித்துவிட்டு, புண்ணியம் செய்தவரைப்போல் உட்கார்ந்திருந்தார்.

திரைக்குப் பின்னால் மதினி போர்வையை வாங்கிக்கொண்டார்கள். பிறகு அழுகைக்கு நடுவில், “அவுக நல்லா இருந்தப்பத் தச்ச மாதிரியே இருக்கு” என்று கேட்டது. எல்லோரும் சாமியைப் பார்த்தார்கள். நான் செருப்பைத் தேடினேன்.

அதற்குப் பிறகு நான் ஞாயிற்றுக்கிழமைக்குப் போகவில்லை. நெசவுக்காரர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். “சாமி நல்லதுக்குத்தானே செஞ்சாரு வாத்தியாரே. விடுங்களேன்” என்றார். நான் விடுகிற ஜாதியில்லை என்பது அவருக்குத் தெரியாதா? இப்போது சாமியின் வீட்டில் கூடுகிறார்களாம். உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண்கள் சிலரும் வருகிறார்களாம். கைமாற்று உண்டாம், ஆனால் கோணலாக இருந்தால் திருத்தித் தருவதும் உண்டாம். யாருக்கும் வருத்தமில்லையாம்.

இந்தத் தை மாதம் சாமி என் வீட்டு வாசலுக்கே வந்தார். ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கைவேலைக் கண்காட்சி. அதில் ஒரு அறை முழுக்க உங்கள் போர்வைகளை மட்டும் வைப்பது என்று ஏற்பாடு. கீழே உங்கள் பேரெழுதிய அட்டை. அங்கங்கே கொடுத்ததையெல்லாம் திரட்டிவிட்டார்கள். நீங்கள் ஒரு ஓரம் தைத்த என் போர்வையும் வேண்டும் என்றார்.

“அந்த ஓரத்தை மட்டும் எங்கிட்ட பத்து நாள் விடும். சரிபண்ணித் தரேன்” என்றார்.

“நீங்க பின்பக்கமாத் தச்ச துண்டும் அதுலதான் இருக்கு சாமி. அதையும் சரிபண்ணுவீகளா?” என்று கேட்டேன்.

அவருக்கு அது ஞாபகமே இல்லை. நிஜமாகவே இல்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மறு வாரம் உங்கள் மகன் வந்தார். அம்மா கேட்கிறார்கள், சாமியிடம் கொடுத்துவிடச் சொன்னார்கள் என்றார்.

அது சாமி சொல்லிக்கொடுத்த பேச்சு என்று எண்ணிக்கொண்டேன். மதினியிடம் நேரில் சொன்னால் புரிந்துகொள்வார்கள். உங்கள் கை கடைசியாக ஓடிய தடம் இந்த உலகத்திலேயே இந்த ஒரு ஓரத்தில்தான் மிச்சம் இருக்கிறது என்று சொன்னால் அவர்களே என் பக்கம் நிற்பார்கள். அப்படித்தான் நினைத்துக்கொண்டு, எத்தனையோ நாளுக்கப்புறம் பாலம் தாண்டி உங்கள் வீட்டுக்கு வந்தேன். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் பாடம் ஒப்பித்துக்கொண்டே வந்தேன்.

இத்தா முடிந்தும் மதினி திரைக்குப் பின்னால்தான் இருந்தார்கள். இத்தனை வருஷப் பழக்கத்தில் நான் அவர்கள் குரலை மட்டும்தான் அறிவேன். டீயும் குரலும் மட்டும்தான் மாடிக்கு வரும். போர்வையை மகன் கையில் உள்ளே கொடுத்துவிட்டு, நான் ஒப்பித்து வைத்ததையெல்லாம் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். வகுப்பில்கூட அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

அவர்கள் அந்த ஓரத்தைத் தடவுகிற சத்தம் கேட்டதுபோல் எனக்குத் தோன்றியது.

“தம்பி, நீங்க ஞாயித்துக்கெழமை வந்து பாத்தீக. நான் நெதமும் பாத்தேன். சோத்தை அள்ளி வாய்க்குக் கொண்டுபோறதுக்குள்ள பாதி மடியில சிந்திரும். நான் பாக்கலைன்னு நெனச்சு ஒவ்வொரு பருக்கையாப் பொறுக்கி எடுப்பாக. நானும் பாக்காத மாதிரி அடுப்பங்கரைக்குப் போயிருவேன்.”

மதினி மேலும் சொன்னார்கள்.

“உங்களுக்கு இது தையலு. எனக்கு இது அந்தச் சோறு. இதைச் சொவத்துல மாட்டுவாக. போறவுக வாரவுக குனிஞ்சு பாத்து, கை ஆடிருக்கு பாருன்னு பேசுவாக. மவுத்தாகிப் போன பொறகும் எதுக்குத் தம்பி?”

அண்ணே, நான் கொண்டுபோன நியாயமெல்லாம் அங்கேயே உதிர்ந்துவிட்டது. அவர்கள் சாமியின் பக்கமும் இல்லை, என் பக்கமும் இல்லை. நீங்கள் பருக்கை பொறுக்கியதை எங்களில் யாராவது பார்த்தோமா? எங்கள் முன்னால் நீங்கள் டீயோடு நிறுத்திக்கொண்டதன் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று ஒரு நாள்கூடச் சொல்லவில்லையே என்று அந்தக் கடைசி வருஷத்தில் உங்கள் மேலும் ஒரு மனத்தாங்கல் வைத்திருந்தேன்.

பிரித்தால் எனக்கு உங்கள் கை போய்விடும். காட்டினால் அவர்களுக்கு உங்கள் மானம் போய்விடும்.

“மதினி, பிரிக்கவும் வேணாம், காட்டவும் வேணாம்னா?” என்று கேட்டேன்.

“அப்ப அதை என்ன செய்வீக?”

“விரிச்சுப் படுப்பேன்.”

“பொட்டியில வச்சுக்கிட்டு எடுத்து எடுத்துப் பாக்கக் கூடாது.”

“மாட்டேன்.”

“வந்தவுக போனவுகளுக்கு விரிச்சுக் காட்டக் கூடாது.”

“மாட்டேன் மதினி.”

“அப்பப் படுத்துத் தேச்சிருங்க” என்றார்கள். திரைக்குக் கீழே மடித்த போர்வை என் பக்கம் தள்ளப்பட்டது. டீ வந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

கண்காட்சி நடந்தது. என் போர்வை இல்லாமல்தான். நானும் போனேன், உள்ளே போகாமல் திரும்பிவிட வேண்டும் என்றுதான் போனேன், கால் கேட்கவில்லை. பேரப் பிள்ளையின் போர்வையை மதினி எப்படிக் கொடுத்தார்களோ, அதை நடுநாயகமாக மாட்டியிருந்தார்கள். ஒரு அம்மாள் கிட்டப்போய்ப் பார்த்துவிட்டு, மிஷினில் தைத்தாற்போல் இருக்கிறது என்று மெச்சினாள். சாமி கையைக் கூப்பினார். கீழே அட்டையில் அழகான எழுத்தில் உங்கள் பேர். அந்தப் பேருக்கு மேலே தொங்கிய போர்வையில் நீங்கள் தைத்தது ஒரு தையல்கூட இல்லை.

ஒருவர் பேர் இருக்கிற இடத்தில் அவர் இல்லாமல் போவது எப்படி என்று அன்றைக்குப் பார்த்தேன்.

இந்தக் கடிதத்தை முதலில் நான் எழுதியது வேறு மாதிரி. எல்லோருடைய பேரும் தெருவும் அதில் இருந்தன. சாமியின் பேர் மூன்று இடத்தில் இருந்தது. அடியில் என் பேரைப் பட்டத்தோடு எழுதி, பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு, ஊர் படிக்கட்டும், சாமி படிக்கட்டும் என்று காத்திருப்பதாக இருந்தேன். தபாலாபீசுக்குக் கிளம்பும் முன்னால் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். உங்கள் கை நடுங்கியது உங்கள் பேரோடு அச்சில் வரப்போகிறது. சுவரில் மாட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கிழித்துவிட்டு, பேர்களையெல்லாம் விட்டுவிட்டு மறுபடி எழுதியதுதான் இது. கோரிப்பாளையம், சிம்மக்கல், செல்லூர் என்ற இடப் பேர்களை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. கோரிப்பாளையத்திலேயே அண்ணன்மார் எத்தனையோ பேர். இதை எழுதுவதேகூட மதினிக்குக் கொடுத்த வாக்கை மீறுவதுதானோ? தெரியவில்லை. எழுதாமல் இன்னொரு ரமலானைக் கடத்த என்னால் முடியாது என்பது மட்டும் தெரிகிறது. சாமி படித்தால் அவருக்குத் தெரியும். தெரியட்டும். அந்தக் கணக்கை நான் இன்னும் தீர்க்கவில்லை, தீர்க்கப்போவதும் இல்லை.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மத்தியானம் அந்தப் போர்வையை விரித்துத்தான் படுக்கிறேன். உங்கள் ஓரம் தலைமாட்டில். கன்னத்தில் உறுத்துகிறது, எள் வரிசையாக இருந்தால் உறுத்தாது. போன வாரம் அதில் ஒரு தையல் அறுந்தது. நூல் முனை வெளியே நிற்கிறது. ஊசி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நீங்கள் பங்கு வைத்துத் தந்த அதே ஊசி. எடுக்கவில்லை.

அண்ணே, உங்களுக்கு என் வாக்கு இது. அறுந்ததை எடுத்துக் கட்டமாட்டேன். அறாததைப் பிரிக்கமாட்டேன். சாமியின் பின்பக்கத் துண்டும் அதிலேயே கிடக்கும். அதைத் தொட்டால் நானும் அவரும் ஒன்றாகிவிடுவோம். நானும் அந்தப் போர்வையும் ஒன்றாகத் தேய்ந்து முடிவோம். யார் முந்தி என்று பார்க்கலாம்.

கவரை எடுத்து வைத்துவிட்டேன், இன்னும் ஒட்டவில்லை. அடியில் பேர் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. பேனாவை மூடப்போகிறேன். இப்படியே பத்திரிகைக்குத் தபாலில் சேர்க்கப்போகிறேன். கூடையின் மறுபக்கத்தில் துணியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த அந்தத் தம்பி என்றால் உங்களுக்கு அடையாளம் தெரியாதா?